கல்பாக்கம் சோதனை வேக ஈனுலையின் கார்பைடு எரிபொருள்: தேர்வும் நடத்தையும்

ஆய்வுச் சுருக்கம்

கல்பாக்கத்தில் உள்ள சோதனை வேக ஈனுலை, 1985ஆம் ஆண்டு முதல் புளூட்டோனியம், யுரேனியம் ஆகியவற்றின் கலப்புக் கார்பைடை எரிபொருளாகக் கொண்டு இயங்கி வருகிறது. செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காத நிலையில் மேற்கொள்ளப்பட்ட தேர்வு இது. இத்தனை மிகுதியான புளூட்டோனியம் கொண்ட கார்பைடு, அதற்கு முன் எந்த நாட்டிலும் ஓர் உலையின் முதன்மை எரிபொருளாகப் பயன்படுத்தப்பட்டதில்லை. அத்தேர்வின் காரணங்களையும், எரிகோலுக்குள் நிகழும் மாற்றங்களையும், எரிவளவு படிப்படியாக உயர்த்தப்பட்ட முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. எரிகோலின் ஆயுளை இறுதியில் வரையறுத்தது எரிபொருள் அன்று. அதனைச் சூழ்ந்த எஃகே என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வேக ஈனுலை, கலப்புக் கார்பைடு, எரிகோல், எரிவளவு, எஃகின் வீக்கம், கல்பாக்கம்

முன்னுரை

அணுவுலையைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியதாகவோ கதிரியக்கத்தைப் பற்றியதாகவோ அமைகிறது. உலையின் உண்மையான இயக்கம் நிகழும் இடமோ, விரலைவிட மெல்லிய குழாய் ஒன்றின் உட்புறமாகும். அக்குழாய்க்குள் அடுக்கப்பட்ட சிறு வில்லைகளில்தான் அணுக்கருக்கள் பிளவுறுகின்றன, வெப்பம் பிறக்கிறது, நச்சுத்தன்மை மிக்க பிளவுப் பொருள்கள் சேர்கின்றன. வில்லைகளும் குழாயும் சேர்ந்ததே எரிகோல். குழாய் சிதையாதிருக்கும் வரை பிளவுப் பொருள்கள் உள்ளேயே அடங்கியிருக்கும். எனவே எரிகோல் எத்தனை காலம் தாங்கும் என்னும் வினா, உலையின் பொருளாதாரத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே தீர்மானிப்பதாகும்.

எரிபொருள் எவ்வளவு பயன்பட்டது என்பதை எரிவளவு என்னும் அளவால் குறிப்பர். ஒரு டன் கன உலோகத்திலிருந்து எத்தனை மெகாவாட்-நாள் வெப்பம் பெறப்பட்டது என்பதே அது. ஒரு மெகாவாட்-நாள் வெப்பத்துக்கு ஒரு கிராமைவிடச் சற்று மிகுதியான கன உலோகம் பிளவுற வேண்டும். கல்பாக்கத்திலேயே உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்தின் ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் எரிவளவு ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள். அதாவது ஒரு டன்னில் 7 கிலோகிராம் அளவே பிளவுற்ற நிலையில் எரிபொருள் வெளியே எடுக்கப்படுகிறது. அதே வளாகத்தை ஒட்டி இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இயங்கும் சோதனை வேக ஈனுலையின் எரிகோல்களோ 1,65,000 மெகாவாட்-நாள் வரை சென்றுள்ளன. ஒரு டன்னில் 170 கிலோகிராமுக்கும் மேல் பிளவுற்றது என்பது இதன் பொருள். ஒரு திண்மப்பொருளின் அணுக்களில் ஆறில் ஒரு பங்கு உடைந்து வேறு தனிமங்களாக மாறிய பின்னும் அப்பொருள் தன் குழாய்க்குள் அடங்கியிருந்தது எவ்வாறு என்பது விளக்கத்தை வேண்டி நிற்கும் செய்தியாகும்.

தேர்வின் பின்னணி

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எஞ்சிய யுரேனியம்-238, நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாக மாறக்கூடியது. நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்காமல் விட்டால், எரிந்த அளவைவிட மிகுதியான புளூட்டோனியத்தை உருவாக்க இயலும். இதனைச் செய்வதே வேக ஈனுலை. தணிப்பானாகச் செயற்படும் நீரை இங்குப் பயன்படுத்த முடியாது. உருகிய சோடியமே குளிர்விப்பான். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இவ்வகை உலைகளைச் சார்ந்தது.

அத்துறையில் அனுபவம் பெறும் பொருட்டு, பிரான்சின் ராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்டு 40 மெகாவாட் வெப்பத்திறன் உள்ள சோதனை உலை ஒன்றை அமைக்க 1969இல் பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. வடிவமைப்பின்படி எரிபொருள் ஆக்சைடு: 30 விழுக்காடு புளூட்டோனியம் ஆக்சைடும், மிகுதியாகச் செறிவூட்டிய யுரேனியத்தின் ஆக்சைடு 70 விழுக்காடும். 1974ஆம் ஆண்டின் பொக்ரான் வெடிப்புக்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் வெளிநாட்டிலிருந்து கிடைக்கும் வழி அடைபட்டது. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது, எரிபொருள் இல்லை.

கைவசம் இருந்தவை இயற்கை யுரேனியமும், உள்நாட்டில் பிரித்தெடுத்த சிறிதளவு புளூட்டோனியமும் மட்டுமே. உலை மையமோ மிகச் சிறியது. சிறிய மையத்திலிருந்து நியூட்ரான்கள் எளிதில் வெளியேறிவிடும். அவ்விழப்பை ஈடுசெய்யப் பிளவுறும் பொருள் செறிந்திருக்க வேண்டும். யுரேனியம் செறிவூட்டப்படாதது எனில், புளூட்டோனியத்தின் பங்கை 70 விழுக்காடு அளவுக்கு உயர்த்துவது தவிர வேறு வழியில்லை. இங்குதான் ஆக்சைடு கைவிடப்பட்டது. இத்தனை புளூட்டோனியம் கொண்ட ஆக்சைடு சோடியத்தோடு ஒத்துப்போவதில்லை. குழாயில் நுண்ணிய விரிசல் விழுந்து சோடியம் உட்புகுந்தால், அது ஆக்சைடுடன் வினைபுரிந்து அடர்த்தி குறைந்த, இடத்தை மிகுதியாகக் கொள்ளும் சேர்மமாகும். சிறிய விரிசல் பெரும் பிளப்பாக மாறும். கார்பைடு சோடியத்துடன் வினைபுரிவதில்லை. ஆகவே 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியம் கார்பைடும் கொண்ட கலவை தேர்ந்தெடுக்கப்பட்டது.

இத்தேர்வைத் தொலைநோக்கின் விளைவாகச் சித்திரிக்கும் எழுத்துகள் உண்டு. அது பொருந்தாது. பிற வழிகள் அடைபட்ட பின் எஞ்சி நின்ற வழியே இது. சோவியத் நாட்டின் சிறிய உலையொன்றில் யுரேனியம் கார்பைடும், அமெரிக்கச் சோதனைகளில் புளூட்டோனியப் பங்கு குறைந்த கலப்புக் கார்பைடும் ஆராயப்பட்டிருந்தன. அவ்வனுபவம் 70 விழுக்காட்டுக் கலவைக்கு நேரடியாகப் பயன்படவில்லை. எனவே இந்த உலையில் எரிபொருளே சோதனைப் பொருளாகவும், சோதனைக்குரிய நியூட்ரான்களைத் தரும் ஊற்றாகவும் இருக்க வேண்டியதாயிற்று.

கார்பைடின் இயல்புகள்

கார்பைடின் முதற்சிறப்பு அதன் வெப்பக் கடத்துதிறன். வட்ட உருளையொன்றின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, அவ்வுருளையின் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பிறக்கும் வெப்பத்தையும் கடத்துதிறனையும் மட்டுமே பொறுத்தது. உருளை பருத்ததா மெலிந்ததா என்பதைப் பொறுத்ததன்று. ஒரு சென்டிமீட்டருக்கு 320 வாட் வெப்பம் தரும் ஆக்சைடு வில்லையில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸ். யுரேனியம் கார்பைடின் கடத்துதிறன் ஆக்சைடினதைப் போல் ஐந்து மடங்குக்கும் மிகுதி. வேறுபாடும் அதற்கேற்பக் குறையும். மேலும் ஒரே கனவளவில் கார்பைடு கூடுதலான கன உலோக அணுக்களைக் கொண்டுள்ளது. ஈனுலைக்கு இது விரும்பத்தக்க பண்பு.

குறைகளும் சிறியன அல்ல. புளூட்டோனியத்தின் பங்கு மிகுமளவுக்குக் கடத்துதிறனும் உருகுநிலையும் குறைகின்றன. கார்பைடுத் தூள் காற்றுப் பட்டால் தானே தீப்பற்றக் கூடியது, ஈரத்துடனும் வினைபுரியும். ஆகவே டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இவ்வெரிபொருள் உருவானபோது, தூளாக்குவது முதல் வில்லையைச் சுட்டு இறுக்குவது வரை அனைத்தும் ஆக்சிஜனும் ஈரமும் அறவே விலக்கப்பட்ட கையுறைப் பெட்டிகளுக்குள் நிகழ்ந்தன. யுரேனியம், புளூட்டோனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளோடு கிராஃபைட்டுத் தூளைக் கலந்து, வெற்றிடத்தில் உயர்ந்த வெப்பநிலையில் வினைபுரியச் செய்தால், கார்பன் ஆக்சிஜனைக் கார்பன் மோனாக்சைடாக வெளியேற்றிவிட்டு உலோகத்தோடு சேர்கிறது. கிடைத்த கார்பைடை மீண்டும் அரைத்து, வில்லையாக அழுத்தி, சுட்டு இறுக்க வேண்டும்.

இதில் நுட்பமான இடம் கார்பனின் அளவு. கார்பன் குறைந்தால் தனித்த உலோகம் எஞ்சும். அது எஃகில் உள்ள இரும்போடு கூடித் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகும் கலவையாகிக் குழாயை அரித்துவிடும். கார்பன் மிகுந்தாலோ, அம்மிகுதி மெல்ல எஃகினுள் ஊடுருவி அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். இரண்டுக்கும் இடையே பாதுகாப்பான பகுதி மிகக் குறுகியது. கார்பன் சற்று மிகுந்திருப்பதே குறைவதைவிட நன்று என்னும் முடிவின்படி, கார்பன் மிக்க துணைச்சேர்மம் ஒன்று 5 முதல் 20 விழுக்காடு வரை இருக்கலாம் என வரையறுக்கப்பட்டது.

வெற்றிடத்தின் பங்கு

எரிகோலின் அளவுகள் வடிவமைப்பின் உட்பொருளைக் காட்டுகின்றன. எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 5.1 மில்லிமீட்டர், உள்விட்டம் 4.36 மில்லிமீட்டர். வில்லையின் விட்டம் 4.18 மில்லிமீட்டர். இடையில் உள்ள வெளியை ஹீலியம் நிரப்புகிறது. வில்லையும் முழு அடர்த்தி உடையதன்று. பத்தில் ஒரு பங்கு நுண்துளைகளே. துளைகளையும் இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால், குழாயின் உட்புறத்தில் 83 விழுக்காடு மட்டுமே எரிபொருள். 17 விழுக்காடு வெறும் இடம். இத்தகைய 61 எரிகோல்கள் ஓர் அறுகோண எஃகு உறைக்குள் தொகுக்கப்படுகின்றன. எரிபொருள் இருக்கும் நீளம் 32 சென்டிமீட்டர் மட்டுமே.

விலைமதிப்பற்ற புளூட்டோனியத்தை அடைக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டது ஏன்? ஓர் அணு பிளவுறும்போது அதனிடத்தில் இரண்டு அணுக்கள் தோன்றுகின்றன. அவற்றுள் பல திண்மமாகவே தங்கினும், பழைய அணுவைவிட மிகுதியான இடத்தைக் கோருகின்றன. நூறு பிளவுகளுக்கு ஏறத்தாழ 25 அணுக்கள் செனான், கிரிப்டான் ஆகிய மந்த வாயுக்களாகும். அவை எதனோடும் சேராமல் குமிழிகளாகத் திரளும். ஆகவே எரிபொருள் வீங்கியே தீரும். வெப்பம் மிக்க ஆக்சைடில் வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆக்சைடும் அவ்வெப்பத்தில் இளகி, குழாய் தடுக்குமிடத்தில் உள்நோக்கி வழிந்து இடமளிக்கும். குளிர்ந்த கார்பைடில் இந்நிவாரணங்கள் குறைவு. வாயு உள்ளேயே தங்குகிறது, பொருளோ விறைப்பானது. வீங்கும் கார்பைடு குழாயைத் தொட்டுவிட்டால், விட்டுக்கொடுக்க வேண்டியது குழாய்தான். அந்தத் தொடுகை நிகழும் நாளைத் தள்ளிப்போடவும், தொட்ட பின் அழுத்தம் நுண்துளைகளுக்குள் தணியவும் விடப்பட்டதே அந்த 17 விழுக்காட்டு வெளி.

ஆனால் அதே வெளி தொடக்க நாள்களில் இடர் தருவதாகும். ஹீலியம் வாயுக்களில் நல்ல கடத்தி எனினும், உலோகத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. புதிய எரிகோலில் அந்த ஒரு மயிரிழை இடைவெளியைக் கடப்பதற்கே வெப்பநிலை பல நூறு பாகை இறங்க வேண்டியுள்ளது. அதாவது வில்லை அத்தனை பாகை கூடுதலாகச் சூடேறுகிறது. நல்ல கடத்துதிறனால் வில்லைக்குள் பெற்ற அனுகூலத்தின் பெரும்பகுதியை இடைவெளி பறித்துக்கொள்கிறது. புளூட்டோனிய மிகுதியால் உருகுநிலையும் தாழ்ந்திருப்பதால், உருகும் நிலைக்கு எரிகோல் மிக நெருங்கியிருப்பது அது பழுதில்லாமல் புதிதாக இருக்கும்போதுதான். உலையில் சில காலம் இருந்த பின் வில்லை விரிசலுற்று வீங்கி இடைவெளியைச் சுருக்குகிறது, வெப்பம் எளிதில் கடக்கிறது, எரிபொருள் குளிர்கிறது. வீக்கம் இளமையில் துணை, முதுமையில் பகை. இவ்விரண்டு முகங்களையும் ஒருங்கே கணக்கில் கொள்வதுதான் எரிகோல் வடிவமைப்பின் அருமை.

இதனால்தான் தொடக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 250 வாட் என்ற தாழ்ந்த வரம்பு விதிக்கப்பட்டது. பின்னர் அது 320 வாட்டாகவும், அதன் பின் 400 வாட்டாகவும் உயர்த்தப்பட்டது.

படிப்படியான அனுமதி

1985 அக்டோபர் 18 அன்று, 22 எரிகோல் தொகுதிகள் கொண்ட சிறு மையத்தோடு உலையில் தொடர்வினை முதன்முறையாகத் தானே நிலைத்தது. 1987 மே மாதத்தில், தொகுதி ஒன்றை உலைக்குள் இடம் மாற்றும்போது நேர்ந்த விபத்தில் தொகுதியும் இடமாற்று அமைப்பின் பகுதிகளும் வளைந்தன. அதனைச் சீர்செய்து உலையை மீண்டும் இயக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அது கையாளும் முறையில் நேர்ந்த பிழையே அன்றி எரிபொருளின் குற்றமன்று. எனினும், ஒளி ஊடுருவாத சோடியத்துக்குள் ஒரு தொகுதி நேராக நிற்பது எத்தனை இன்றியமையாதது என்பதை அது உணர்த்தியது. 1997 ஜூலையில் உலையின் மின்சாரம் முதன்முறையாக மின்கட்டமைப்பில் சேர்க்கப்பட்டது.

எரிவளவுக்கு முதலில் விதிக்கப்பட்ட இலக்கு 25,000 மெகாவாட்-நாள் மட்டுமே. முன்னனுபவம் இல்லாத பொருளுக்கு இது முறையான எச்சரிக்கை. அந்த அளவை எட்டியதும் ஒரு தொகுதி வெளியே எடுக்கப்பட்டு, தடித்த காப்புச் சுவர்களுக்குப் பின்னால் எந்திரக் கைகளால் பிரிக்கப்பட்டு, எரிகோல்கள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. விட்டம், நீளம், வளைவு ஆகியன அளக்கப்பட்டன. எக்ஸ் கதிர்ப் படங்களும் நியூட்ரான் படங்களும் எடுக்கப்பட்டன. நியூட்ரான் படத்துக்கென்றே கல்பாக்கத்தில் காமினி என்னும் சிற்றுலை 1996 முதல் உள்ளது. வெறும் 30 கிலோவாட் திறன் கொண்ட அவ்வுலையின் எரிபொருள் தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233 என்பது தனியே குறிப்பிடத்தக்கது. பின்னர்க் குழாய் துளையிடப்பட்டு, வெளியேறிய வாயு அளக்கப்பட்டது. குறுக்குவெட்டுகள் நுண்ணோக்கியில் காணப்பட்டன. குழாயின் துண்டுகள் இழுத்துச் சோதிக்கப்பட்டன. முடிவுகளைப் பரிசீலித்த பின்னரே அடுத்த இலக்குக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. 50,000, 1,00,000, 1,55,000 எனப் படிகள் உயர்ந்தன. ஒவ்வொரு படியிலும் இதே ஆய்வு நிகழ்ந்தது.

குறுக்குவெட்டுப் படங்கள் தந்த செய்தி தெளிவானது. 25,000 மெகாவாட்-நாளில் வில்லைகளில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய விரிசல்கள் காணப்பட்டன. இடைவெளி முழுதும் மூடவில்லை. 1,00,000 அளவில் எரிபொருள் குழாயைத் தொட்டுவிட்டது; விரிசல்கள் வட்டப்போக்கில் அமைந்தன. குழாயை ஒட்டிய பகுதியில் நுண்துளைகள் மறைந்து அடர்ந்த வளையம் உருவாகியிருந்தது. அழுத்தத்துக்கு உள்ளான எரிபொருள் தன் நுண்துளைகளுக்குள்ளேயே ஒடுங்கியது என்பதற்கு இவ்வளையமே சான்று. வாயுவின் பெரும்பகுதி எரிபொருளுக்குள்ளேயே தங்கியிருந்ததால், குழாய்க்குள் எழுந்த வாயு அழுத்தமும் கட்டுக்குள் இருந்தது. விடப்பட்ட வெளி தன் பணியைச் செய்தது எனலாம்.

எஃகு வகுத்த எல்லை

எதிர்பார்ப்புக்கு மாறாக, கவலை தந்தது குழாயின் எஃகு. 1967இல் பிரிட்டனின் டவுன்ரே வேக உலையில் இருந்து எடுத்த எஃகில் நுண்ணிய வெற்றிடக் குமிழிகள் கண்டறியப்பட்டன. வேக நியூட்ரான் ஒன்று மோதும்போது எஃகின் அணுக்கள் இடம்பெயர்கின்றன. பெரும்பாலானவை மீண்டும் இடம் கொள்ளும். சில வெற்றிடங்கள் மட்டும் எஞ்சி ஒன்றுகூடும். தொடக்கத்தில் விளைவு ஏதும் தெரியாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எஃகு விரைந்து பருக்கத் தொடங்கும். எடை கூடுவதில்லை, கனவளவு மட்டும் கூடும். சோதனை வேக ஈனுலையில் பயன்பட்ட 316 வகை எஃகு, இவ்வீக்கத்தைத் தாமதப்படுத்தும் பொருட்டுக் குளிர்நிலையில் 20 விழுக்காடு உருமாற்றப்பட்டது. எனினும் தப்பிக்கவில்லை. 1,00,000 மெகாவாட்-நாளில் குழாயின் விட்டம் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியே மிகுந்திருந்தது. 1,55,000இல் மிகுதி ஏறத்தாழ 5 விழுக்காடாயிற்று. எரிவளவு ஒன்றரை மடங்கானபோது பருமன் மும்மடங்கு கூடியது. அக்காலத்துக்குள் எஃகின் ஒவ்வோர் அணுவும் சராசரியாக ஏறத்தாழ எண்பது முறை இடம்பெயர்ந்திருந்தது.

இதில் ஒரு முரணும் உண்டு. குழாய் தானே பருத்ததால், வீங்கும் எரிபொருளுக்கு இடம் கிடைத்தது. இரண்டுக்கும் இடையிலான அழுத்தம் தணிந்தது. ஆனால் அப்பருமனுக்கு விலை உண்டு. எஃகு தன் இழுபடும் தன்மையை இழந்தது. இயக்கத்தில் உள்ளபோது தாங்கும் எஃகு, எடுத்துக் கையாளும்போது நொறுங்கக் கூடும். அறுகோண உறையும் பருத்தது, வளைந்தது. அடுத்தடுத்த தொகுதிகளுக்கு இடையே உள்ள வெளி மிகக் குறைவு ஆதலால், உறை மேலும் பருத்தால் தொகுதியை வெளியே எடுப்பதே அரிதாகிவிடும். எரிபொருள் இன்னும் தாங்கக்கூடிய நிலையிலேயே, எஃகின் பொருட்டு 1,65,000 மெகாவாட்-நாள் என்பது உச்சமாயிற்று. மிக உயர்ந்த எரிவளவு கண்ட எரிகோல்களில் பின்னாளில் கசிவுகள் நேர்ந்ததும் உண்டு. சோடியத்தில் கலந்த பிளவுப் பொருள்கள் வெளியிடும் தாமத நியூட்ரான்களைக் கொண்டு அத்தகைய கசிவுகளை உணர்கருவிகள் அறிகின்றன. கசியும் தொகுதி அகற்றப்படுகிறது.

இவ்வெண்ணை உலகச் சாதனை எனப் போற்றும் வழக்கம் பரவியுள்ளது. கார்பைடு எரிபொருளைப் பொறுத்தவரை அது தகுந்த பெருமையே. ஆயினும் அதன் சூழலையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். உலை சிறியது, எரிகோல்களின் எண்ணிக்கை பெரிய மின்னுலையோடு ஒப்பிடச் சிறிது, உலை நெடுங்காலம் வடிவமைப்புத் திறனைவிடக் குறைந்த திறனிலேயே இயங்கியது. முழுமையான 40 மெகாவாட் எட்டப்பட்டது 2022 மார்ச்சில்தான். ஓர் எரிகோலின் தாங்குதிறனுக்கு இது வலுவான சான்று. ஆயிரக்கணக்கான எரிகோல்களை ஆண்டுதோறும் ஆலையில் உருவாக்கும் தொழிலுக்கு இது சான்றாகாது.

சுழற்சி மூடல்

ஈனுலையின் பயன், எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தை மீட்டு மீண்டும் உலையிலிடும்போதே நிறைவுறும். கார்பைடை நைட்ரிக் அமிலத்தில் கரைக்கும்போது கார்பனின் ஒரு பகுதி கரிம அமிலங்களாக மாறி, புளூட்டோனியத்தைப் பற்றிக்கொள்ளும், பிரித்தெடுப்பு சிக்கலாகும். 2003 முதல் கல்பாக்கத்தில் இயங்கும் கோரல் என்னும் சிறு மறுசெயலாக்க நிலையம், ஈயக் காப்புடைய அறைக்குள் இவ்வெரிபொருளைப் படிப்படியாக எரிவளவு மிகும் வரிசையில் கையாண்டது. அங்கு மீட்ட புளூட்டோனியம் மீண்டும் எரிபொருளாக்கப்பட்டு அதே உலைக்குத் திரும்பியது. உலையின் வெப்பத்தைவிட இச்செயலே திட்டத்தின் உண்மைத் தேர்வு எனக் கருத இடமுண்டு.

அடுத்த உலைகளின் எரிபொருள்

கார்பைடு இத்தனை நன்கு நடந்துகொண்டும், 500 மெகாவாட் மின்திறன் கொண்ட முன்மாதிரி வேக ஈனுலைக்கு ஆக்சைடே தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரிய மையத்தில் நியூட்ரான் இழப்பு குறைவு ஆதலால் புளூட்டோனியத்தின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் கீழ் அமைந்தால் போதும். ஆக்சைடை விலக்கிய காரணமே அங்கில்லை. தீப்பற்றாத தூள், பல நாடுகளின் நீண்ட அனுபவம், எளிய கரைப்பு ஆகியன கூடுதல் ஆதரவு. வில்லையின் நடுவே துளையிட்டு, மிகுந்த சூடேறும் பகுதியையே நீக்கிவிட்டனர். வெற்றிடம் இங்கு விளிம்பிலிருந்து நடுவுக்கு இடம் மாறியது. குழாய்க்கு, வீக்கத்தை நெடுநாள் தள்ளிப்போடும் பொருட்டு டைட்டானியம் சேர்த்த எஃகு பயன்படுகிறது. இவ்வெரிபொருளின் 37 கோல்கள் கொண்ட சோதனைத் தொகுதி ஒன்று, கார்பைடு சூழ்ந்த அதே சோதனை உலைக்குள் வைக்கப்பட்டு 1,00,000 மெகாவாட்-நாளுக்கு மேல் எரிக்கப்பட்டது.

ஆக்சைடின் குறை, அது புளூட்டோனியத்தைப் பெருக்கும் வேகம் மெதுவானது என்பதே. ஆக்சிஜன் அணுக்கள் நியூட்ரான்களின் வேகத்தைச் சற்றே தணித்துவிடுகின்றன. விரைந்த பெருக்கத்துக்கு யுரேனியம், புளூட்டோனியம், சிர்கோனியம் கலந்த உலோக எரிபொருளே எதிர்காலத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உலோகம் கார்பைடைவிட மிகுதியாக வீங்கும். ஆதலால் குழாய்க்குள் கால் பங்கு இடம் வெறுமையாக விடப்படுகிறது. வாயுக்குமிழிகள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்து, வாயு வெளியேறும் வழிகள் உருவாவதற்கு அத்தனை இடம் வேண்டும் என்பது அமெரிக்காவின் இபிஆர்-2 உலையில் கண்டறியப்பட்ட உண்மை. இடைவெளியின் வெப்பத்தடையை நீக்க ஹீலியத்துக்குப் பதிலாகச் சோடியம் நிரப்பப்படுகிறது. இத்தகைய உலோகச் சோதனைக்கோல்கள் சோதனை வேக ஈனுலையில் இடப்பட்டு, முன்பு கார்பைடு கடந்த அதே அளவீடுகளுக்கு உட்படுத்தப்பட்டு வருகின்றன.